தமிழ் நூலுக்கு எழுத்துருக் குடும்பம் அமைப்பது எப்படி? லிப்ரேஆஃபீஸ் ரைட்டரில் முழு வழிகாட்டி

"ஸ்டைல்ல போய் ஃபான்ட்ட மாத்திட்டேன் சார். இங்கிலீஷ் மட்டும்தான் மாறுது, தமிழ் அப்படியே இருக்கு."

ராயப்பேட்டையில் புத்தகப் பக்க வடிவமைப்பு செய்யும் எனக்கு, டிசம்பர் மாதத்தில் அதிகம் வரும் போன் இதுதான். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கும். அதற்குள் நூலைக் கொண்டுவர நினைக்கும் எழுத்தாளர்கள் பலர் இப்போது டிடிபி கடைக்குப் போகாமல், தங்கள் மடிக்கணினியிலேயே லிப்ரேஆஃபீஸ் ரைட்டரை வைத்து வடிவமைக்கிறார்கள். அதற்குப் போதுமான மென்பொருள்தான் அது. இலவசம் என்பதற்காகச் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான பக்கம் உள்ள நாவலைக்கூட ஒழுங்காகத் தாங்கும். ஆனால் எழுத்துரு அமைப்பில் ஒரு விஷயம் புரியாவிட்டால் வேலை கெட்டுவிடும். தமிழ் ஆவணம் ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்துருக் குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று தமிழுக்கு, இன்னொன்று ஆங்கிலத்துக்கு. இரண்டையும் நாம்தான் அமைக்க வேண்டும், அதுவும் ஸ்டைலில், அதாவது பத்திக்கும் எழுத்துக்கும் பெயரிட்டுச் சேமித்துவைக்கும் வடிவமைப்பில், ஒரே ஒரு முறை. இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் பிரதியைப் பாருங்கள்

எழுத்துருவைத் தொடும் முன் உங்கள் பிரதி யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் உலகப் பொது முறையில், இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் காலத்தில் தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்துத்தான் ஃபான்ட் செய்தார்கள். பாமினி அப்படிப்பட்டது. ஆளுக்கொரு முறை என்றிருந்த குழப்பத்தைத் தீர்க்க, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியேற்றங்களும் (எழுத்துக்கு எண் தரும் முறைகள்) தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆனாலும் பழைய பிரதிகள் இன்னும் பாமினியிலும் டாபிலும் எத்தனையோ பேரிடம் கிடக்கின்றன.

சோதிப்பது எளிது. பத்தியைத் தேர்ந்தெடுத்து லிபரேஷன் சீரிஃப் போன்ற ஓர் ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே தெரிந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாகக் கொட்டினால் பழைய குறியேற்றம். அப்படியானால் என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவியில் போட்டு மாற்றிவிட்டு, ஒரு முறை முழுதும் மெய்ப்புப் பாருங்கள். மாற்றிய பிரதியில் ஆங்கிலச் சொற்கள்தான் பெரும்பாலும் அடிவாங்கியிருக்கும். பழைய ஃபான்ட் இல்லாத ஆங்கிலச் சொல்லையும் கருவி தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பாமினியில் உள்ள வரியை ரைட்டர் ஆங்கிலம் என்றே நினைக்கும். அதற்கு ஆங்கிலக் குடும்பத்தின் ஃபான்ட்டைத்தான் போடும். பாதிப் பிரதி யூனிகோடிலும் பாதி பாமினியிலும் இருக்கும் கோப்பில் நீங்கள் என்ன மாற்றினாலும் ஒரு பாதி மட்டும்தான் கேட்கும்.

குடும்பம் என்றால் என்ன

ஓர் எழுத்துருக் குடும்பத்தில் வழக்கமாக நான்கு பேர்: ரெகுலர், போல்டு, இட்டாலிக், போல்டு இட்டாலிக். ஒவ்வொன்றும் தனிக் கோப்பு, ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்க வேண்டும். நீங்கள் போல்டு பொத்தானை அழுத்தும்போது மென்பொருள் செய்வது, அதே குடும்பத்தில் போல்டு கோப்பு இருக்கிறதா என்று தேடுவதுதான். இருந்தால் எடுத்துப் போடும். இல்லாவிட்டால் ரெகுலரின் கோடுகளைத் தானே தடிமனாக்கிக் காட்டும். இட்டாலிக் இல்லாவிட்டால் எழுத்தை அப்படியே ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும்.

இந்தப் பொய்த் தடிமன் திரையில் பெரிதாகத் தெரியாது. அச்சில் தெரியும். 'ணி', 'ஞ', 'ழூ' போன்ற எழுத்துகளின் உள்வெளி அடைத்துப்போய், கறுப்புத் திட்டாக நிற்கும். பொய்ச் சாய்வு அதைவிட மோசம். தமிழ் எழுத்தின் வளைவுகள் சாய்வதற்காக வரையப்பட்டவை அல்ல. 'ற'வின் காலும் 'ெ'யின் சுழியும் இழுபட்டுக் கோணலாகும்.

பெரிய குடும்பங்களில் நான்கு பேரோடு நிற்காமல், 100 முதல் 900 வரை எண்ணிட்ட எடைகள் இருக்கும். 400 ரெகுலர், 500 மீடியம், 600 செமிபோல்டு, 700 போல்டு. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. விண்டோஸில் பார்த்தால் மீடியமும் செமிபோல்டும் பட்டியலில் தனிக் குடும்பங்கள் போலத் தனித்தனிப் பெயரில் நிற்கும். போல்டு பொத்தான் 400-இலிருந்து 700-க்குத்தான் தாவும். மீடியத்தை உடல் எழுத்தாக, அதாவது நூலின் பத்திகளுக்கான எழுத்தாக, வைத்துப் போல்டு பொத்தானை அழுத்தினால், அந்தப் பெயரில் தனிப் போல்டு இல்லாததால் பொய்த் தடிமன் வந்துவிட வாய்ப்பு உண்டு. அதனால் உடல் எழுத்துக்கு எப்போதும் ரெகுலரையே எடுங்கள். இடைப்பட்ட எடைகளைத் தேவையான இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

தேர்வும் நிறுவலும்

நாவல், சிறுகதை, கட்டுரை எதுவானாலும் உடல் எழுத்துக்கு நான் பரிந்துரைப்பது நோட்டோ சீரிஃப் தமிழ். கோட்டில் தடிப்பும் மெலிவும் மாறிமாறி வருவதால் நீண்ட வாசிப்புக்குக் கண் பழகும். எடைகள் நிறைய உண்டு. அதற்கு ஆங்கிலத் துணையாக நோட்டோ சீரிஃப். இரண்டும் ஒரே திட்டத்தில் வந்தவை, அதனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உறுத்தாது. தலைப்புக்கு முக்த மலர் அல்லது காட்டமரான் எடுக்கலாம். முக்த மலர் நிதானமானது. காட்டமரான் கொஞ்சம் நவீனமாகத் தெரியும், சிறுவர் நூலுக்கும் கவிதைத் தொகுப்பு அட்டைக்கும் பொருந்தும். இவை எல்லாமே திறந்த உரிமத்தில் கூகுள் ஃபான்ட்ஸில் கிடைப்பவை, விற்பனைக்கான நூலில் பயன்படுத்தத் தடையில்லை. கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகமும் தன் தளத்தில் யூனிகோடு எழுத்துருக்களை இலவசமாகத் தருகிறது, அவற்றையும் போட்டுப் பாருங்கள்.

விண்டோஸில் கிடைக்கும் லதாவும் நிர்மலாவும் திரைக்கானவை. அலுவலகக் கடிதத்துக்குப் போதும். 200 பக்க நாவலை லதாவில் அடிக்கக் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோடு முழுவதும் ஒரே தடிப்பில் ஓடி, பக்கமே கனமாகிவிடும்.

இறக்கிய நோட்டோ சிப் கோப்பைப் பிரித்தால், உள்ளே வேரியபிள் கோப்பும் ஸ்டாட்டிக் என்றொரு ஃபோல்டரும் இருக்கும். முக்த மலரில் வேரியபிள் கிடையாது, உள்ளே இருப்பவற்றை அப்படியே நிறுவலாம். வேரியபிளில் எல்லா எடைகளும் ஒரே கோப்பில் அடங்கியிருக்கும். அச்சு வேலைக்கு ஸ்டாட்டிக் ஃபோல்டரில் உள்ளவற்றையே நிறுவுங்கள். எந்த எடை எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும், அச்சகத்துக்குப் போகும்போது கேள்வி வராது. இரண்டையும் சேர்த்து நிறுவ வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் மென்பொருள் எதை எடுத்தது என்று உங்களால் சொல்ல முடியாது. விண்டோஸில் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து வலது சொடுக்கில் எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு என்பதைக் கொடுங்கள். மேக்கில் ஃபான்ட் புக். நிறுவியதும் ரைட்டரை மூடித் திறங்கள்.

அடுத்து ஒரு சின்னச் சோதனை. ஒரு வெற்றுப் பக்கத்தில் இந்த வரியை 11 புள்ளி (பாயின்ட்) அளவில் அடித்து, காகிதத்தில் அச்செடுத்துப் பாருங்கள்: 'ஸ்ரீ, க்ஷ, கௌ, ஔ, ஞூ, ழூ, ணை, றொ, ஃபோ, ௧௦௦, ₹250'. எங்காவது புள்ளி வட்டமோ கட்டமோ வந்தால் அந்த எழுத்துருவில் அந்த எழுத்து இல்லை அல்லது பிரதியில் குறி பிழையாக அடிக்கப்பட்டிருக்கிறது. 'கௌ' என்பதைப் பலர் ஒற்றைக்கொம்பும் 'ள'வும் சேர்த்து அடிக்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அது 'கெள' என்ற இரண்டு எழுத்து. எழுத்துருவை மாற்றும்போது இந்தப் பிழை இடைவெளியாக வெளியே வரும்.

இரண்டு அறைகள்

இனி ரைட்டருக்குள் போவோம். டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் திறந்து, மொழி அமைப்புப் பகுதிக்குப் போங்கள். அங்கே காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட், சுருக்கமாக சி.டி.எல்., என்று ஒரு வரி இருக்கும். அதில் டிக் போட்டு, இயல்பு மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். இந்த டிக் இல்லாவிட்டால் தமிழுக்கான எழுத்துருப் பெட்டியே கண்ணில் படாது. மேலே சொன்ன போன் அழைப்புகளில் பாதி இந்த டிக்கோடு முடிந்துவிடும்.

லிப்ரேஆஃபீஸ் உலக எழுத்துகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. ஆங்கிலம், பிரெஞ்சு போன்றவை வெஸ்டர்ன். சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவை ஏஷியன். தமிழ், இந்தி, அரபு, தாய் எல்லாம் சி.டி.எல். பெயரைப் பார்த்துத் தமிழை ஏஷியனில் தேடாதீர்கள். 'கொ' என்று அடித்தால் ஒரு குறி முன்னும் ஒரு குறி பின்னும் போய் உட்கார வேண்டும் அல்லவா, அப்படி இடம் மாறி அமையும் எழுத்துமுறைகளுக்கு அந்தப் பெயர். இந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நிரல். 2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் லிப்ரேஆஃபீஸ் அதையே பயன்படுத்துகிறது. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால் புதியதை நிறுவிவிட்டுத் தொடருங்கள்.

ஒவ்வொரு ஸ்டைலிலும் இந்த வகைகளுக்குத் தனித்தனி அறைகள் போல, தனித்தனியாக எழுத்துரு, அளவு, தடிமன், மொழி எல்லாம் உண்டு. வெஸ்டர்னில் மாற்றினால் தமிழுக்குத் தெரியாது, சி.டி.எல்.-இல் மாற்றினால் ஆங்கிலத்துக்குத் தெரியாது. எண்களும் நிறுத்தக்குறிகளும் எந்த வகையிலும் சேராதவை. பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்து அதன் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். ஒரே பக்கத்தில் மேற்கோள் குறிகள் இரண்டு விதமாக வளைந்திருந்தால் காரணம் இதுதான். இரண்டு குடும்பமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதும் இதற்காகத்தான்.

ஸ்டைலில் அமைப்பது

எஃப் 11 விசையை அழுத்தினால் வலப்பக்கம் ஸ்டைல்கள் வரும். பத்தி ஸ்டைல்களில் எல்லாவற்றுக்கும் மூத்தது டீஃபால்ட் பாராகிராஃப் ஸ்டைல். அதன்மேல் வலது சொடுக்கி எடிட் ஸ்டைல் திறந்து, ஃபான்ட் தாவலுக்குப் போங்கள். பழைய பதிப்புகளில் வெஸ்டர்ன் மேலேயும் சி.டி.எல். கீழேயும் இருக்கும், புதியவற்றில் தனித்தனித் தாவல்களாக இருக்கும். வெஸ்டர்னில் நோட்டோ சீரிஃப், ரெகுலர், 10 புள்ளி. சி.டி.எல்.-இல் நோட்டோ சீரிஃப் தமிழ், ரெகுலர், 11 புள்ளி, மொழி தமிழ்.

ஆங்கிலத்தை ஏன் ஒரு புள்ளி குறைத்தேன் என்றால், தமிழ் வரிக்கு நடுவில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் வந்தால் அவை எட்டிப் பார்க்கும். சரியான அளவை உங்கள் கண்தான் சொல்ல வேண்டும். 10, 10.5, 11 என்று மூன்று விதமாக ஒரே பத்தியை அச்செடுத்து, கையெட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். உறுத்தாமல் இருப்பதை எடுங்கள்.

மூத்த ஸ்டைலை மாற்றினால் அதன் கீழ் உள்ள பாடி டெக்ஸ்ட், அடிக்குறிப்பு எல்லாம் தானே மாறும். சில பிள்ளைகள் மட்டும் மாறாது. ஹெட்டிங், லிஸ்ட், கேப்ஷன், இண்டெக்ஸ் நான்கும் தமக்கென்று தனி எழுத்துருவைப் பிடித்து வைத்திருக்கும். லினக்ஸில் பெரும்பாலும் அது லோஹித் தேவநாகரியாக இருக்கும். அதில் தமிழே இல்லை, அதனால் கணினி தனக்குப் பிடித்த ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவைத் தேடிப் போடும். பொருளடக்கம் மட்டும் வேறு மாதிரி இருக்கிறதே என்று விழிப்பவர்கள் இண்டெக்ஸ் ஸ்டைலைத் திறந்து பார்க்க வேண்டும். லிஸ்ட், கேப்ஷன், இண்டெக்ஸ் மூன்றிலும் ஃபான்ட் தாவலில் கீழே உள்ள பெற்றோருக்குத் திரும்பும் பொத்தானை அழுத்தினால் போதும். ஹெட்டிங்கில் மட்டும் இரண்டு அறையிலும் முக்த மலர் செமிபோல்டு வையுங்கள். ஹெட்டிங் 1, 2, 3 எல்லாம் அதன் கீழ் வருபவை, அவற்றில் அளவை மட்டும் பார்த்துக்கொண்டால் சரி. ஆனால் அவற்றில் ஏற்கெனவே போல்டு போட்டிருக்கும். செமிபோல்டின்மேல் இன்னொரு போல்டு ஏறிவிடாமல் இரண்டு அறையிலும் ரெகுலருக்கு மாற்றிவிடுங்கள்.

வரி இடைவெளியை மறக்க வேண்டாம். இரண்டு எழுத்துருக்களின் மேல் கீழ் அளவுகள் வேறுபடும். ஆங்கிலச் சொல் வரும் வரிகள் மட்டும் கொஞ்சம் விலகி நிற்கும், தாளின் இரு பக்கமும் வரிகள் நேருக்கு நேர் வராது. பாடி டெக்ஸ்ட் ஸ்டைலில் வரி இடைவெளியை ஃபிக்ஸ்டு என்று மாற்றி 16 புள்ளி கொடுங்கள். 11 புள்ளித் தமிழுக்கு டெமி என்ற வழக்கமான நூல் அளவில் இது நன்றாக இருக்கும். ரொம்பக் குறைத்தால் 'கி', 'ரீ' ஆகியவற்றின் விசிறி வெட்டுப்படும்.

அழுத்தம் கொடுக்க வேண்டிய இடங்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், பெரும்பாலான நூல்களில் தவறுவது இங்கேதான். ஆங்கில அச்சில் ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல இட்டாலிக். தமிழ் அச்சு மரபில் அதற்கு மேற்கோள் குறியும் தடித்த எழுத்தும்தான். டிரோ தமிழ் போன்ற சில எழுத்துருக்களில் முறையாக வரைந்த இட்டாலிக் உண்டு, அழகாகவும் இருக்கும். உங்கள் குடும்பத்தில் அப்படி ஒன்று இல்லையென்றால் தமிழைச் சாய்க்கவே சாய்க்காதீர்கள்.

இரண்டு அறை இருப்பது இங்கே வரமாகிவிடுகிறது. எழுத்து ஸ்டைல்களில் எம்ஃபசிஸ் என்பதைத் திறங்கள். வெஸ்டர்னில் நோட்டோ சீரிஃப், இட்டாலிக். சி.டி.எல்.-இல் நோட்டோ சீரிஃப் தமிழ் செமிபோல்டு, சாய்வு இல்லாமல். இனி எந்தச் சொல்லுக்கும் எம்ஃபசிஸ் கொடுத்தால் போதும். ஆங்கிலமாக இருந்தால் அது சாயும், தமிழாக இருந்தால் அளவாகக் கனக்கும். ஒரே வாக்கியத்தில் இரண்டும் கலந்து வந்தாலும் ஒவ்வொன்றும் தன் வழக்கப்படி நிற்கும். ஸ்ட்ராங் எம்ஃபசிஸ் என்பதற்கு இரண்டு பக்கமும் போல்டு.

கருவிப்பட்டையில் உள்ள போல்டு, இட்டாலிக் பொத்தான்களையும் எழுத்துருப் பட்டியலையும் இனி தொடவே வேண்டாம். அவை ஸ்டைலுக்கு மேலே இன்னொரு அடுக்காகப் படியும். நாளை ஸ்டைலை மாற்றினால் அந்த இடங்கள் மட்டும் பழையபடி நிற்கும். வேறு கோப்பிலிருந்து ஒட்டிய பத்திகளில் இந்த அடுக்கு கட்டாயம் இருக்கும். அவற்றைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட் மெனுவில் கிளியர் டைரக்ட் ஃபார்மட்டிங் கொடுத்து, பிறகு ஸ்டைலைப் போடுங்கள். ஒட்டும்போதே வெறும் உரையாக ஒட்டுவது இன்னும் நல்லது.

எல்லாம் சரியானதும் ஃபைல் மெனுவில் டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிடுங்கள். அடுத்த நூலுக்கு இந்த வேலை எதுவும் வேண்டாம், டெம்ப்ளேட்டைத் திறந்து பிரதியை ஒட்டினால் போதும்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன்

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறுகதைத் தொகுப்பை வடிவமைத்தேன். 176 பக்கம், 16 பக்கம் கொண்ட பாரம் சரியாகப் பதினொன்று. நேரமில்லை என்று அச்சகத்தில் கேட்க, திருத்தக்கூடிய கோப்பையே அனுப்பிவிட்டேன். அவர்களின் கணினியில் என் எழுத்துரு இல்லை. வேறொன்று உட்கார்ந்து, 184 பக்கமாக வந்து நின்றது. பாதிப் பாரம் கூடுதல், பொருளடக்கத்தில் உள்ள பக்க எண் எதுவும் பொருந்தவில்லை. அச்சுக்கான பிளேட் போடும் முன் ஆசிரியரே கவனித்துச் சொன்னதால் நூல் தப்பித்தது. அன்றிலிருந்து பிடிஎஃப் தவிர வேறெதையும் நான் அச்சுக்கு அனுப்புவதில்லை.

உங்கள் கணினியிலேயே எழுத்துரு இல்லாமல் போயிருந்தால், கருவிப்பட்டையில் அதன் பெயர் சாய்வெழுத்தில் தெரியும். அதைக் கண்டால் உடனே நிறுத்திப் பாருங்கள். மெய்ப்புத் திருத்துபவர் அதே கோப்பில் வேலை செய்ய வேண்டும் என்றால், ஃபைல் மெனுவில் ப்ராப்பர்ட்டீஸ், அதில் ஃபான்ட் தாவல் போய் எழுத்துருவை ஆவணத்தில் பதிக்கச் சொல்லுங்கள். கோப்பு பெரிதாகும், பரவாயில்லை.

பிடிஎஃப் ஆக்கியதும் அக்ரோபாட் ரீடரில் திறந்து, ப்ராப்பர்ட்டீஸில் ஃபான்ட்ஸ் தாவலைப் பாருங்கள். நூலில் உள்ள எல்லா எழுத்துருவும் அங்கே பட்டியலாக இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எம்பெடெட் சப்செட், அதாவது நூலில் பயன்பட்ட எழுத்துகள் கோப்புக்குள்ளேயே பதிந்துள்ளன, என்று இருக்க வேண்டும். நூலில் தடித்த தமிழ் இருந்தும் பட்டியலில் போல்டோ செமிபோல்டோ தனிப் பெயராக இல்லையென்றால், எங்கோ பொய்த் தடிமன் இருக்கிறது. லோஹித், லதா, நிர்மலா என்று நீங்கள் கூப்பிடாத பெயர் எதுவும் வந்திருந்தால் ஏதோ ஒரு ஸ்டைல் விட்டுப்போயிருக்கிறது. அடிக்குறிப்பு, பக்கத் தலைப்பு, பொருளடக்கம் என்று தேடிக்கொண்டே போங்கள். நம் கணக்குப்படி அந்தப் பட்டியலில் நோட்டோ சீரிஃப் தமிழ், அதன் செமிபோல்டு, போல்டு, நோட்டோ சீரிஃப், அதன் இட்டாலிக், போல்டு, தலைப்புக்கு முக்த மலர் செமிபோல்டு ஆகியவை மட்டும் இருக்க வேண்டும். ஆக மொத்தம் ஏழு பெயர். எட்டாவதாக ஒன்று தெரிந்தால் பிடிஎஃப்பை அனுப்ப வேண்டாம், கோப்புக்குத் திரும்புங்கள்.